மிச்சமிருந்த இருபத்தைந்து நிமிஷம்

இப்போது கோச்சிங் சென்டர் நடத்துகிற இளைஞர்கள் சிலர் என்னைத் தேடி வந்து, "சார், காம்ப்ரிஹென்ஷனுக்கு நீங்க என்ன டெக்னிக் வச்சிருந்தீங்க?" என்று கேட்கிறார்கள். டெக்னிக் இருந்தது. அதை வைத்து ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். வேறு ஏதாவது எதிர்பார்த்துக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

1. ஸ்டாப்வாட்ச்

எம்.ஏ. இங்கிலீஷ் முடித்து ஒன்றரை வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். பிறகு அரியலூரில் ஒரு டுட்டோரியலில் வேலை கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. பிளஸ் டூ வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நர்சிங் மாதிரிப் படிப்புகளுக்குத் தாங்களே நுழைவுத் தேர்வு வைக்கிற கல்லூரிகள் சில இருந்தன. அந்தத் தேர்வுகளுக்குத்தான் எங்கள் டுட்டோரியல் பயிற்சி கொடுத்தது. பெரம்பலூரிலும் ஒரு கிளை உண்டு. சனிக்கிழமை வகுப்பு அங்கே, ஞாயிற்றுக்கிழமை அரியலூரில். இரண்டு ஊருக்கும் இங்கிலீஷுக்கு நான் ஒருவன்தான்.

முதல் நாளே முதலாளி என்னை எதிரில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். "தம்பி, காலேஜுல படிச்ச கவிதையெல்லாம் இங்க வேணாம். ஒரு பத்தி குடுப்பான், கீழ பத்துக் கேள்வி கேப்பான். பதினஞ்சு நிமிஷத்துல முடிக்கணும். நம்ம புள்ளைங்க ஒண்ணும் தெரியாததுங்க இல்ல. நேரம் பத்தாமத்தான் கோட்டை விடுதுங்க. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

வழி பண்ணினேன். எனக்குத் தெரிந்த டிரில் மாஸ்டர் ஒருவரிடம் ஸ்டாப்வாட்சை இரவல் வாங்கினேன். கேள்வியை முதலில் படி, பிறகு பத்திக்குள் போய் அந்த வார்த்தையைத் தேடு என்றேன். தெரியாத வார்த்தையில் நிற்காதே, வாயை அசைத்துப் படிக்காதே என்றேன். எல்லாவற்றுக்கும் மேலாக, படித்த வரிக்குத் திரும்பிப் போகாதே என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். இதையெல்லாம் நான் எங்கும் பரீட்சித்துப் பார்த்தவன் இல்லை. ஏதோ ஒரு கைடில் இருந்தது, கேட்க ஜோராக இருந்தது, அவ்வளவுதான்.

பேசேஜ் தயாரிப்பது பெரிய வேலை. இங்கிலீஷ் பேப்பரில் வந்த கட்டுரை ஒன்றைச் சுருக்கிக் கேள்வி போட வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஸ்டென்சில் வெட்ட வேண்டும். பிறகு சைக்ளோஸ்டைல் மெஷினில் கையெல்லாம் மையோடு உருட்டி எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் என்னால் முடியாது. அதனால் சனிக்கிழமை பெரம்பலூரில் கொடுத்த பேசேஜையே ஞாயிற்றுக்கிழமை அரியலூரிலும் கொடுத்தேன். தாளைத் திரும்ப வாங்குவதும் இல்லை. வீட்டில் வைத்து வார்த்தைக்கு அர்த்தம் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். எம்.ஏ. படித்த எனக்கு வருஷம் முழுக்க விளங்கவில்லை.

2. கடைசிப் பெயர்

அரியலூர் வகுப்பில் செலின் என்று ஒரு பெண். வரதராஜன்பேட்டையிலிருந்து ஜெயங்கொண்டம் வந்து, அங்கே பஸ் மாறி வருவாள். அப்பா சவரிமுத்து முந்திரித் தோப்பில் வேலை செய்கிறவர். வெளியூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நர்சிங் காலேஜில் இடம் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. அவளைச் சேர்க்க வந்த அன்று அவர் கறாராகச் சொன்னார்: "ஒரு வருஷந்தாங்க சார். கெடச்சா படிக்கட்டும். கெடைக்கலன்னா கட்டிக் குடுத்துருவேன். எங்க அக்கா வூட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

செலின் அப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதெல்லாம் கெடைக்கும், கவலைப்படாதீங்க" என்றேன். அந்த வயதில் வாய்க்கு என்ன பஞ்சம்.

வாரா வாரம் முடித்த வரிசைப்படி பெயரையும் நேரத்தையும் போர்டில் எழுதுவேன். பன்னீர் என்று ஒரு பையன், ஏழு நிமிஷம். மற்றவர்கள் எட்டு, ஒன்பது. செலின் பதினெட்டு. எப்போதும் அவள் பெயர்தான் கடைசி. பாதி படித்துவிட்டு நிற்பாள், மேலே போவாள், மறுபடி இறங்குவாள், உதடு அசையும். விடை பத்தும் சரியாக இருக்கும். அதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏம்மா, நீ படிக்கிறியா, இல்ல மனப்பாடம் பண்றியா?" என்று ஒரு நாள் கேட்டேன். வகுப்பு சிரித்தது.

"புரியாம எப்படி சார் பதில் போடறது?"

"புரியுதா இல்லையான்னு எவன் வந்து கேக்கப் போறான்? பதில் வேணும், அதுவும் நேரத்துல வேணும். பன்னீரப் பாரு."

பன்னீர் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கமான பையன் என்று நினைத்தேன்.

அவளைச் சரிசெய்ய நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். ஒரு போஸ்ட் கார்டைக் கொடுத்து, படித்த வரியை மூடிக்கொண்டே கீழே இறக்கச் சொன்னேன். திரும்பிப் போக நினைத்தாலும் வரி தெரியாது. பக்கத்தில் நின்று காவல் காத்தேன். இரண்டு மாதத்தில் பதினெட்டு நிமிஷம் பதினொன்றாக வந்தது. பத்து மார்க் ஆறாக இறங்கியது. நேரம் வந்துவிட்டது, மார்க் தானாக வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு முறை வகுப்பு முடிந்ததும் நின்று கேட்டாள். "சார், நான் பழையபடியே படிச்சுப் பாக்கட்டுமா? இப்பல்லாம் பழகிட்டுது, ரெண்டு நிமிஷம்தான் கூட ஆவும்."

"உன் இஷ்டத்துக்குப் படிக்கறதுன்னா வூட்லயே படிக்கலாமே. பஸ் ஏறி இங்க எதுக்கு வர்ற?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இன்றைக்கு ஒரு மாணவி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வேன். அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

3. புதுப் பேசேஜ்

அந்த மிஷன் காலேஜ் தன் எல்லாப் படிப்புக்கும் சேர்த்துத் திருச்சியில் தேர்வு வைத்தது, எங்கள் வகுப்பே போய் எழுதியது. இங்கிலீஷுக்குத் தொண்ணூறு நிமிஷம், ஆறு பேசேஜ். மறுநாள் எல்லோரும் டுட்டோரியலுக்கு வந்தார்கள். பன்னீர்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அநியாயம் சார். எல்லாப் பேசேஜும் புதுசா இருந்துச்சு."

"புதுசா இல்லாம? உனக்குத் தெரிஞ்சதா பாத்துக் குடுப்பானா?"

"இல்ல சார், நம்ம கிளாஸ்ல..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். நான் விடவில்லை. தனியாக வராந்தாவுக்கு அழைத்துப்போய்ப் பத்து நிமிஷம் மிரட்டிய பிறகு உண்மை வெளியே வந்தது. பெரம்பலூர் வகுப்பில் அவனுடைய அத்தை மகன் படித்தான். சனிக்கிழமை தாள் ஞாயிறு முதல் பஸ்ஸில் அரியலூர் வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எல்லோரும் உட்கார்ந்து பத்து விடையையும் பேசி முடித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கும் போய்விடும். நேராக வகுப்புக்கு வந்து, நேராக பஸ் ஏறிப் போகிற செலினுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"வேணும்னு பண்ணல சார்" என்றான். "நீங்க போர்டுல பேர் எழுதுறீங்க. கடைசில வர வெக்கமா இருந்துச்சு."

அவனை அடிக்கக் கை ஓங்கினேன், பிறகு இறக்கிக்கொண்டேன். ஒரு வருஷமாக என் வகுப்பில் உண்மையில் படித்தது ஒரே ஒருத்தி. அவள் பெயரைத்தான் கடைசியில் எழுதி வைத்திருந்தேன்.

உள்ளே வந்து செலினைப் பார்த்து, "நீ எப்படிம்மா எழுதின?" என்றேன்.

"முடிச்சிட்டேன் சார். இருவத்தஞ்சு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "ரெண்டு பேசேஜ்ல சந்தேகமா இருந்துச்சு சார். ஆனா திரும்பிப் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்கல்ல. பேப்பரக் கவுத்து வச்சிட்டுப் பேசாம உக்காந்துட்டேன்."

நான் பாராட்டுவேன் என்று நின்றுகொண்டிருந்தாள். "நல்லதும்மா" என்றேன்.

4. ஜெயங்கொண்டம் வரை

லிஸ்டில் அவள் பெயர் இல்லை. மற்றவர்கள் பெயரும் இல்லை, அது வேறு கதை. செலின் அதன் பிறகு டுட்டோரியலுக்கு வரவில்லை.

வரதராஜன்பேட்டைக்குப் போய் அவள் அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள், பெண் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்று சொன்னால் ஒருவேளை கேட்பார்.

"தம்பி, புது பேட்ச் அட்மிஷன் ஓடிக்கிட்டிருக்கு" என்றார் முதலாளி. "பேப்பர் மொத நாளே வெளியில சுத்துச்சுன்னு தெரிஞ்சா ரெண்டு ஊர்லயும் ஒருத்தன் சேர மாட்டான். அந்தப் பொண்ணு விதி அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் பேச்சைக் கேட்காமல் மறுநாள் பஸ் ஏறினேன். ஜெயங்கொண்டத்தில் இறங்கி பஸ் மாற வேண்டும். வரதராஜன்பேட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டு வரைக்கும் போனேன். டுட்டோரியல் மூடினால் எனக்கு வேறு வேலை இல்லை என்ற நினைப்பு அங்கே வந்தது.

"ஏறுறீங்களா சார்? எடுக்கப் போறேன்" என்றார் கண்டக்டர்.

"அடுத்ததுல வரேங்க" என்றேன். அந்த பஸ் போன பிறகு ஒரு டீ குடித்துவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். முதலாளியை இதில் குறை சொல்ல மாட்டேன். என்னை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று பன்னீர்தான் வந்து சொன்னான்.

5. தங்கச்சி

இரண்டு வருஷம் கழித்து சவரிமுத்து சின்ன மகள் ரோஸியை அழைத்துக்கொண்டு வந்தார்.

"பெரியவளுக்கு மண்டையில ஏறலைங்க சார். அவளே சொல்லிட்டா, நான் மந்தம்ப்பா, தங்கச்சியக் கொண்டுபோய் விடுங்க, அந்த சார் நல்லா சொல்லித் தருவாருன்னு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. முதலாளி உள்ளே இருக்கிறார் என்பதைக்கூடப் பார்க்கவில்லை. பெரம்பலூர்த் தாள், டீக்கடை, போஸ்ட் கார்டு, மிச்சமிருந்த நிமிஷம், எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பெண் மந்தம் இல்லை, என் வகுப்பிலேயே ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான் என்றேன்.

சவரிமுத்து முழுக்கக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்குப் பெரிய மனசு சார். எம் பொண்ணு சங்கடப்படக் கூடாதுன்னு பழிய ஒங்க மேல போட்டுக்கறீங்க."

"இல்லைங்க, நெசமாத்தான் சொல்றேன்."

"தெரியுங்க சார். தங்கமான மனுசன்னு அவளும் சொன்னா. சரி, இவ எப்பலேருந்து வரட்டும்?"

இரண்டு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பார், ஒருவேளை அடித்திருப்பார். ஆனால் நம்பியிருப்பார்.

கோச்சிங் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பத்தியை ஒரு முறை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கேள்விக்குப் போய், விடை இருக்கிற வரிக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள். வேகம் மெதுவாகத்தான் வரும், அவசரப்படுத்தாதீர்கள். நேரம் மிச்சமிருந்தால் கடைசி நிமிஷம் வரை தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவன் வேகமாக முடித்தால், அந்தப் பேசேஜ் அவனுக்குப் புதுசுதானா என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் தப்பு உங்களுக்குத் தெரிய வந்தால், அன்றைக்கே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

ரோஸி அக்காவைப் போலவேதான் படித்தாள். உதடு அசையும், நிற்பாள், மேலே போவாள், இறங்குவாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போர்டில் பெயர் எழுதுவதையும் விட்டிருந்தேன். அதே காலேஜில் அவளுக்கு இடம் கிடைத்தது. சவரிமுத்து ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்து, "பாத்தீங்களா சார், சின்னவ கெட்டிக்காரி, பெரியவதான் மந்தம்" என்றார். ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றார். செலினும் அப்படியே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வீடு மிட்டாய் கொடுத்தாளாம்.