கை தூக்கினால் கேட்டதென்று அர்த்தம்

அப்பளம் நொறுங்கும் சத்தத்துக்குப் பயந்து அப்பளத்தையே தட்டோரம் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா?

நான் வைத்திருக்கிறேன். காது மெஷின் மாட்டிக்கொண்டு கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்த முதல் நாள், ஒரே ஒரு கடி. மண்டைக்குள் யாரோ ஓடு பிரிப்பது மாதிரி இருந்தது. தட்டு விழுகிறது, நாற்காலி இழுபடுகிறது, எவனோ மூக்கை உறிஞ்சுகிறான், எல்லாமே என் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு நடக்கிறது. குன்றத்தூர் கிளினிக்கில் மெஷினை மாட்டிவிட்ட மேடம் முன்பே சொல்லியிருந்தார். "மெஷின் காதுக்குத்தான்பா, மூளைக்கு இல்ல. எந்த சத்தம் வேணும், எது வேணாம்னு மூளைதான் பழகணும். கழட்டவே கழட்டாத." சரி மேடம். நாலு வருஷ மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கையே பழகாத மூளை, இதையா பழகப்போகிறது?

பி.இ. என்றதும் மரியாதையெல்லாம் வேண்டாம். எங்கள் ஷிஃப்ட் பஸ்ஸில் டிரைவரைத் தவிர எல்லோரும் பி.இ. டிரைவர் எம்.பி.ஏ. என்று ஒரு வதந்தி.

ஒன்பதாம் வகுப்பில் வந்த ஒரு காய்ச்சலோடு போக ஆரம்பித்த காது, கல்லூரி முடிவதற்குள் பாதிக்கு மேல் காலி. நான் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற ஆள். வேலைக்குச் சேரும்போது டாக்டர், "காது நல்லா கேக்குதா?" என்றார். அவர் உதட்டைப் பார்த்து, "சூப்பரா கேக்குது சார்" என்றேன். டெஸ்ட் முடிந்தது.

போட்டது பிரஸ் ஷாப்பில். ஒரகடம் பக்கம் கார் பாகம் அடிக்கிற கம்பெனி. தகடு உள்ளே போகும், மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும், தரை ஒரு குதி குதிக்கும், மறுபக்கம் கார்க் கதவு வெளியே வரும். அதை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுக்க வேண்டும். எனக்கு எதிரே தென்காசிக்காரன் ஒருவன். என் முதுகுக்குப் பின்னால், சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி போகும் பாதை.

அங்கே போன முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. இது என் ஊர். அந்த இரைச்சலில் காதை அடைக்கும் ப்ளக் இல்லாமல் ஒருவனும் நிற்க முடியாது. போட்டுவிட்டால் எல்லோரும் செவிடு. பேச்சே கிடையாது, எல்லாம் கைதான். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. உச்சந்தலையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார், அவருக்கு அங்கே முடி இல்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தூக்கினால் ஃபோர்க்லிஃப்ட், ஒதுங்கு. இந்த பாஷையில் லைனிலேயே நான்தான் வேகம். கல்லூரியில் கடைசி பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன், இங்கே பத்தடி தூரத்திலிருந்து ஜோக் அடித்தேன். சிரித்தார்கள்.

இந்த வருஷ மெடிக்கலில் மாட்டினேன். பீப் சத்தத்துக்கு பட்டன் அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தவே இல்லை. மெஷின் வாங்கு என்றார்கள், வாங்கினேன். மாட்டிக்கொண்டு பந்தாவாக லைனுக்குப் போனால், சேஃப்டி ஆபீசர் வழியிலேயே நிறுத்தினார்.

"மெஷின் போட்டா ப்ளக் போட முடியாது. ப்ளக் இல்லாம லைன்ல நிக்கக் கூடாது."

"அப்ப மெஷினைக் கழட்டிடறேன் சார்."

"கழட்டினா பின்னாடி வண்டி வர்றது உனக்குத் தெரியாது."

"இவ்ளோ நாளா தெரிஞ்சுது சார்."

"எப்படி?"

வாயைத் திறந்தேன். எப்படித் தெரிந்தது? நான் யோசித்ததே இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு மாசம் கொடுத்தார். மெஷினுக்கு மேலே காதை முழுசாக மூடும் பெரிய மஃப் போட்டுக்கொண்டு, என் பழைய இடத்தில் நிற்க வேண்டும். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் வரும், ஹாரன் அடிக்கும். கேட்டால் கை தூக்க வேண்டும். "தூக்கிட்டேன்னா லைன் உன்னுது. அதுவரைக்கும் ஸ்டோர்ஸ்."

ஸ்டோர்ஸ் என்றால் கண்ணாடித் தடுப்பில் ஒரு ஓட்டை, அதற்கு இந்தப் பக்கம் நான். கை உறை, ஷூ, மாஸ்க் எடுத்துக் கொடுக்கிற வேலை. அமைதியான ரூம். எனக்கு மட்டும் அமைதி இல்லை. ஏசி இரைகிறது, பிரின்டர் கத்துகிறது, என் பேன்ட் தொடையில் உரசுவதுகூட ஒரு செய்தி மாதிரி வருகிறது. ஓட்டை வழியாக வரும் மனிதக் குரல் மட்டும் கஞ்சி.

"இன்னாபா, ப்ளூடூத்தா? இன்னா பாட்டு ஓடுது?" என்றான் ஒருத்தன்.

"உன் கல்யாணப் பாட்டு. கேட்டா அழுவ."

வாய்க்குக் குறைச்சல் இல்லை. அவன் போனபிறகு பார்த்தால், அவன் கேட்ட சைஸ் ஒன்று, நான் கொடுத்த ஷூ வேறு.

சேரப்பணஞ்சேரியில் வீட்டுக்குப் போனால் இன்னொரு கூத்து. இத்தனை வருஷம் அம்மா என் முகத்துக்கு நேராக வந்து, மோவாயைப் பிடித்துத் திருப்பித்தான் பேசுவாள். இப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறாள். குழாய்த் தண்ணீரும் தாளிப்பும் அம்மாவும் ஒன்றாகக் காதில் கொட்டுகிறார்கள். பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன்.

"காதுதான் வந்துட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு என் மூஞ்சப் பாக்கற? அப்பால போ, எண்ணெ தெறிக்கும்."

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். நான் அப்பால் போனேன்.

சாயங்காலங்களில் தென்காசிக்காரனோடு டிரெய்லர் லாரிகள் நிற்கிற இடத்துக்குப் போய்ப் பழகினேன். நான் திரும்பி நின்றுகொள்வேன். லாரி பின்னால் வரும்.

"இப்ப கேக்காலே?"

"கேக்குது மச்சி."

"நாசமாப் போவ, வண்டியே எடுக்கலலே அவன்."

வெறும் ரோட்டிலேயே இந்த லட்சணம். மஃப் போட்டால் மெஷின் உய்ங் என்று ஊளையிடும். அதோடு அது அதிபுத்திசாலி மெஷின், பெரிய இரைச்சல் வந்தால் தானே குறைத்துவிடும். பிரஸ்ஸைக் குறைக்கும்போது ஹாரனையும் சேர்த்தே குறைக்கிறது. கிளினிக் மேடத்திடம் சொன்னேன். கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றிவிட்டு, "பழகிடும்" என்றார்.

டெஸ்ட் அன்று லைன் ஓடிக்கொண்டிருந்தது. மஃப் போட்டு நின்றேன். எதிரே தென்காசிக்காரன், அவனுக்கு அந்தப் பக்கம் மற்ற பசங்க. என் பக்கவாட்டில் சேஃப்டி ஆபீசர். முதல் தடவை நான் கை தூக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் ஃபோர்க்லிஃப்ட் எனக்குப் பின்னாலேயே நிற்கிறது. டிரைவர் பாவமாகப் பார்த்தான். இரண்டாவது தடவை தூக்கினேன், வண்டியே வரவில்லை. எங்கேயோ கிரேன் நகர்ந்த சத்தம்.

மூன்றாவது தடவை, இரைச்சலுக்கு நடுவே மெல்லிசாக ஒரு கீச்சு. கையை உயர்த்தினேன். சரியாக வண்டி பின்னால் வந்து நின்றது. கேட்டுவிட்டது! ஆபீசரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லைன் மொத்தமும் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தூக்கிக்கொண்டு நின்றது.

பிரஸ்ஸை நிறுத்தினார்கள். "கேட்டது இவனுக்கா, உங்களுக்கா?" என்றார் ஆபீசர்.

"சார், சத்தியமா வேணும்னு பண்ணல சார்" என்றான் தென்காசிக்காரன். "இவன் பின்னால வண்டி வந்தா எங்களுக்குக் கை தானா போயிரும் சார். டெய்லி அப்படித்தான். மொதத் தடவ அடக்கிட்டோம், இப்ப முடியல."

அவர் கேட்ட 'எப்படி'க்கு அதுதான் பதில். அத்தனை நாளும் லைனே எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் கில்லி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு நெஜமாவே கேட்டுச்சு சார்."

"இவங்க கையைப் பாத்தியா, பாக்கலையா?"

பார்த்தேன். எதிரே நின்றால் எப்படிப் பார்க்காமல் இருப்பது? முதலில் வந்தது கீச்சா, கையா? அன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அந்தக் கீச்சை என் மூளையே செய்து போட்டிருக்கலாம்.

"அடுத்த மெடிக்கல்ல பாப்போம் தம்பி" என்றார். முதுகைத் திருப்பிக்கொண்டு வேறு ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை.

தென்காசிக்காரன் ஸ்டோர்ஸ் ஓட்டைக்கு வந்தான். "மாப்ள, எங்கள வையாதலே" என்றான். கை உறை கேட்டான். சரியான சைஸ் எடுத்துக் கொடுத்தேன், அவன் சைஸ் எனக்குத் தெரியும்.

இப்போது காலை ஏ ஷிஃப்ட் ஓடுகிறது. அவனுக்கு எதிரே, என் இடத்தில், புது ட்ரெயினி ஒருவன் நிற்கிறான்.