அம்மா கேட்ட நம்பர்

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓசூரில், கர்நாடக எல்லையை ஒட்டிய தெரு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது, தண்ணீர் வரவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்வது எல்லாம் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அன்று பள்ளி விடுமுறை. அப்பா கம்பெனிக்குப் போயிருந்தார். மத்தியானம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மா, ஜன்னல் வழியே எதையோ பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினாள். எதிர்வீட்டில் ஆள் இல்லை. அந்த வீட்டுப் பூட்டை இரண்டு பேர் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். போலீஸைக் கூப்பிடு என்று அம்மா சைகை காட்டினாள்.

நூறுக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டில் பாதி நேரம் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர்தான் கிடைக்கும். எடுத்தவர் கன்னடத்தில் பேசினார். தெருவில் விளையாடிக் கற்ற கன்னடத்தில், திருடன் வந்திருக்கிறான் என்றேன். பெரியவர்களிடம் போனைக் கொடு என்றார். அம்மாவுக்குக் காது கேட்காது, பேசவும் வராது என்றேன். அவர் நம்பவில்லை. போனில் விளையாடக் கூடாது என்று அதட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விளையாட்டில்லை, நிஜம் என்று கத்தினேன்.

கம்பி வைத்திருந்தவன் திரும்பி எங்கள் ஜன்னலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

அம்மா என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கதவைத் தாழிட்டு, தையல் மெஷினை இழுத்து முட்டுக்கொடுத்து, அதன்மேல் ஏறி முதுகைக் கதவில் அழுத்திக்கொண்டாள். அவன் வந்து கதவை உதைத்தான். அம்மாவுக்குச் சத்தம் கேட்காது. ஆனால் ஒவ்வோர் உதையும் அவள் முதுகில் இறங்கியது. நாலைந்து உதைக்குப் பிறகு, முதல் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்றது. ஆட்கள் பேசிக்கொண்டே இறங்கும் சத்தம் கேட்டு இருவரும் பைக்கில் ஏறி ஓடிவிட்டார்கள்.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். நடந்ததை நான் சொன்னேன். பிறகு அம்மா, வீட்டிலேயே எழுதி வந்த தாளை நீட்டினாள். பேச வராதவர்கள் ஆபத்தில் மெசேஜ் அனுப்ப ஒரு நம்பர் வேண்டும் என்று அதில் இருந்தது. மேஜையில் இருந்த ஏட்டு சிரித்தார்.

"பாப்பாதான் இவ்ளோ நல்லாப் பேசுதே, அதையே போன் பண்ணச் சொல்லுங்கம்மா. எதுக்குத் தனியா ஒரு நம்பரு?"

பெருமை தாங்காமல் அதை அப்படியே கைகளால் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தாளைத் திரும்ப வாங்கி, அடியில் ஒரு வரி எழுதினாள்.

"இவள் பேசக் கூடாது. நானே சொல்ல வேண்டும்."

ஏட்டு தாளை வாங்கிப் படித்தார். உள்ளே போய் எஸ்.ஐ.யிடம் காட்டிவிட்டு வந்து ஒரு வாட்ஸ்அப் நம்பரை எழுதிக் கொடுத்தார். அம்மா அங்கேயே நின்று பெயரையும் விலாசத்தையும், தனக்குக் காது கேட்காது என்பதையும் அனுப்பினாள். பதில் வரும்வரை நகரவில்லை.

வழியெல்லாம் நான் அம்மாவுக்கு முகம் கொடுக்கவில்லை. போனில் நான் சரியாகப் பேசாததால்தான் போலீஸ் வரவில்லை, அதனால்தான் இனி நான் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் குரல் கேட்டு யாரும் என் பக்கம் திரும்பிப் பார்க்காதபடி உதவி கேட்க அவள் ஒரு வழி தேடியிருந்தாள் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.