வெளிப்பக்கம் என்று எழுதியிருந்த டயர்

ஞாயிற்றுக்கிழமைகளில் காபிக்கு முன்பே கீழே இறங்கிப் போய்க் காரின் டயர்களை அளந்துவிடுவேன். பேனா அளவில் ஒரு கருவி இருக்கிறது. அதன் முனையை டயரின் பள்ளத்தில் அழுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் ரப்பர் மிச்சம் என்று காட்டும். அந்த எண்ணையும் அதுவரை ஓடிய கிலோமீட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பேன். இருபத்தாறு வருடமாக நாளிதழில் மற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் எண்களைச் சரிபார்க்கிறவன் நான். சொந்த எண்களில் தவறு வரும் என்று நினைக்கவில்லை.

கார் சாம்பல் நிறம். தரையோடு ஒட்டிய உடல், பெரிய சக்கரங்கள், அவற்றைச் சுற்றி மெல்லிய டயர்கள். முந்தைய உரிமையாளர் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்றார். ராயபுரத்தில் வீடு வைத்துக்கொண்டு இப்படி ஒரு காரை வாங்கியது அறிவுள்ள செயல் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் காசிமேட்டைத் தாண்டிக் கடலோரமாகச் சாலை வளையும் இடத்தில் அதை ஓட்டிப் பார்த்திருந்தேன். சாலையில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் ஸ்டீயரிங் வழியாக அது உள்ளங்கைக்குத் தெரிந்தது. முப்பது வருடம் பல வண்டிகள் ஓட்டியிருக்கிறேன். அப்படி எதுவும் எனக்குச் செய்தி சொன்னதில்லை.

அந்தச் செய்தியைச் சொல்வது டயர்தான். மிருதுவான ரப்பர், சாலையை இறுகப் பிடிக்கும். பிடிப்பதால் தேயும். முதல் செட் முன்டயர்கள் பதினோராயிரம் கிலோமீட்டரில் தீர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரரின் சின்னக் கார் அதே சாலையில் நாற்பதாயிரம் ஓடி, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கார் நிறுவனத்தின் சர்வீஸ் ஆள், "இந்த மாடலுக்கு இது நார்மல்தான் சார்" என்றார். அவருக்கு எல்லாமே நார்மல்தான்.

என் மனைவி எண்ணூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் வேலை மாலையில் தொடங்குவதால் காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. அவள் டயர் விஷயத்தை ஒரே வாக்கியத்தில் முடித்தாள்.

"நல்ல அழிரப்பரும் இப்படித்தான் சீக்கிரம் தேயும். ஆனா அது தப்பையாவது அழிக்கும். இது என்னத்த அழிக்குது, ரோட்டையா?"

இரண்டாவது செட் போட்ட அன்று ஒரு நிபந்தனையும் வைத்தாள். இந்த டயர்கள் மழைக்காலம் முடிந்து பொங்கல் வரை தாங்க வேண்டும். தாங்காவிட்டால் காரை விற்றுவிட வேண்டும், அவள் மின்சார ரயிலில் போய்க்கொள்வாள். ரயில் நிலையத்திலிருந்து பள்ளிக்கு இருபத்தைந்து நிமிட நடை. அதையும் சொல்லித்தான் நிபந்தனை வைத்தாள். நான் ஒத்துக்கொண்டேன். அதற்காகத்தான் அந்தக் கருவியை வாங்கினேன், குறிப்பேட்டையும்.

எண்ணூர் போகும் சாலையை ஓட்டியவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். மிச்சமிருக்கும் ஓரத்தில்தான் கார், பைக், மீன் ஏற்றிய ஆட்டோ எல்லாம் போக வேண்டும். அந்த ஓரத்தில் உடைந்த தார், சரளைக்கல், டிரெய்லரிலிருந்து விழுந்த கம்பித் துண்டுகள், ஆணிகள். வேகமாகப் போகவே வழியில்லாத சாலையில் வேகத்துக்காகச் செய்த டயர் தேய்ந்துகொண்டிருந்தது. இந்த அபத்தம் எனக்குத் தினமும் காலையில் எரிச்சலூட்டியது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் என் முதுகெலும்பில் எண் குறைவது போலிருந்தது.

ஆனால் குறிப்பேடு என் பக்கம் இருந்தது. செப்டம்பர் கடைசியில் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம் என்றது. பொங்கலைத் தாண்டிவிடும். மனைவியிடம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். "பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அக்டோபரில் ஒருநாள், அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது திருவொற்றியூரில் முன்பக்க இடது டயர் பஞ்சரானது. அந்தச் சாலையில் இருப்பவை பெரும்பாலும் லாரி டயர் கடைகள். எனக்குத் தெரிந்த கடை ஒன்று இருந்தது. தண்டையார்பேட்டையிலிருந்து வந்துபோகிற, அறுபது வயதுக்காரர் ஒருவர் அதை நடத்துகிறார். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை வாசலில் ஆள் உயரத்துக்கு டிரெய்லர் டயர்கள் அடுக்கியிருக்கும். என் கார் டயரைக் கழற்றி அவற்றின் பக்கத்தில் உருட்டியபோது அது வளையல் போலிருந்தது.

பாய் பஞ்சரைத் தேடி டயரைச் சுற்றினார். பிறகு நின்றுவிட்டார்.

"சார், இங்க வந்து பாரு. இன்னா கொடுமை இது?"

டயரின் உள்விளிம்பு, அதாவது காரின் அடிப்பக்கம் பார்த்து இருக்கும் விளிம்பு, நான்கு விரல் அகலத்துக்கு மொட்டையாக இருந்தது. ஓரிடத்தில் ரப்பர் மெலிந்து உள்ளே இருக்கும் நூலின் நிறம் தெரிந்தது.

"போன ஞாயித்துக்கிழமை அளந்தேன் பாய். நாலு மில்லிமீட்டர் இருந்தது."

"எங்க அளந்தே?"

வெளிப்பள்ளத்தைத் தொட்டுக் காட்டினேன். குனிந்தால் கைக்கு எட்டும் இடம் அதுதான்.

"அது சரி. மூஞ்ச பாத்துட்டு முதுகு நல்லாகீதுன்னு எழுதிகினு இருந்திருக்கே."

இந்த மாதிரிக் கார்களில் சக்கரத்தின் மேல்பக்கம் லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், வளைவில் நன்றாகத் திரும்புவதற்காக. அதனால் எடை உள்விளிம்பில் விழும். பள்ளங்களில் அடிவாங்கி அந்தச் சாய்வு இன்னும் கூடிப் போனால் விளிம்பு பென்சிலைச் சீவுவது போலத் தேயும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மூன்று மாதம் மிகத் துல்லியமாகத் தவறான இடத்தை அளந்திருக்கிறேன். ஸ்டீயரிங்கை ஒருமுறை முழுதாகத் திருப்பிவிட்டுக் குனிந்திருந்தால் போதும்.

வலப்பக்க டயரும் அப்படியேதான் இருந்தது.

"பொங்கல் வரைக்கும் ஓடணும் பாய்" என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"வூட்டம்மா பந்தயமா? கவலய வுடு. ரெண்டு டயரையும் ரிம்முலேந்து கழட்டித் திருப்பிப் போட்டுர்றேன். மொட்டை வெளிய வந்துரும். நல்ல பக்கம் உள்ள பூடும். தை மாசம் இன்னா, மாசி வரிக்கும் ஓடும்."

லாரிகளில் அதுதான் வழக்கம். ஒரு விளிம்பு தேய்ந்தால் டயரைத் திருப்பி மாட்டி மறுவிளிம்பைத் தேய்ப்பார்கள். ஒரு டயரை இரண்டு ஆயுள் ஓட்டுவதில் பாய்க்கு இந்தப் பகுதியில் நல்ல பெயர்.

டயரின் பக்கச்சுவரில் 'வெளிப்பக்கம்' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் பொறித்திருந்தது. அதைக் காட்டினேன். உள்பாதியில்தான் மழைத்தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் இருக்கின்றன, வெளிப்பாதி வளைவில் பிடிப்பதற்கான கட்டை ரப்பர், இதைத் திருப்பக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"கம்பெனிக்காரன் ஆயிரம் எழுதுவான் நைனா. டயருக்கு இன்னா, படிக்கத் தெரியுமா?"

நான் சிரித்தேன். சிரித்தது சம்மதமாகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் ஒரு எழுத்து இடம்மாறினால்கூட அச்சுக்கு விடாதவன், அந்தச் சொல் காரின் அடிப்பக்கம் பார்த்துப் போவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எழுதவில்லை.

நவம்பர் இரண்டாவது வாரம் காலை ஏழரை மணிக்குக் கனமழை. மனைவி திருத்திய விடைத்தாள் கட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். திருவொற்றியூரைத் தாண்டிய இடத்தில் டிரெய்லர் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. நான் நாற்பதில் போனேன். முன்னால் போன டிரெய்லர் நின்றது. பிரேக் போட்டேன்.

ஸ்டீயரிங் திடீரென்று எடையில்லாமல் ஆனது. கல், பள்ளம், தார் எதுவும் கைக்குத் தெரியவில்லை. கார் நீரின் மேல் சறுக்கிக்கொண்டு போனது. டிரெய்லரின் பின்கம்பி கண்ணாடிக்கு நேராகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. மனைவி விடைத்தாள் கட்டை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். கார் நின்றபோது கம்பிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

டிரெய்லர் ஓட்டுநர் இறங்கி வந்தார். தலையில் சாக்கைப் போர்த்தியிருந்தார்.

"இன்னா சார், ஷோக்கா கார வச்சிகினு என் வண்டிக்கு அடியில பார்க்கிங் தேடிகினு வர்றியா?"

பிறகு முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"யார்யா இத மாட்டுனது? வெளிப்பக்கம் முழுக்க மொட்டையா கீது. அம்மாவ ஒக்கார வச்சிகினு இப்டியா வருவே?"

மனைவி குடையை விரித்து இறங்கினாள். சுற்றி வந்து குனிந்து பார்த்தாள்.

"இது எப்ப தேஞ்சுது?"

"உள்பக்கம் தேஞ்சிருந்தது. போன மாசம் திருப்பிப் போட்டேன்."

"திருப்பிப் போடலாமா?"

"கூடாது."

"நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்லை."

அவள் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு, எதிரில் ராயபுரம் பக்கம் போன ஷேர் ஆட்டோ ஒன்றை விட்டுவிட்டு, எண்ணூர் போகிற அடுத்ததைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப்போனாள். மறுநாளிலிருந்து ரயில். காரை விற்கச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆறே காலுக்கு வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்கும்.

பாயிடம் கோபமாகத்தான் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். முதலில், "மழைல இன்னாத்துக்கு அவ்ளோ வேகமா போனே?" என்றார். நாற்பதுதான் என்றேன். பிறகு டயரைக் கையால் தடவிப் பார்த்தார்.

"டிரெய்லருக்கு இருவது டயர் கீது சார். ஒண்ணு வழுக்குனா மத்தது புடிச்சிக்கும். உனக்கு நாலே நாலு. அத நான் யோசிக்கல. தப்பு என்னுதுதான்."

தப்பு அவருடையது மட்டும் இல்லை என்பதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது. அவருக்குப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தேன்.

புது டயர் கேட்டேன். அதே அளவில், ஆனால் கெட்டி ரப்பரில், நீண்ட ஓட்டத்துக்கான வகை. பாய் நிமிர்ந்து பார்த்தார். "அத போட்டா இந்த வண்டி ஓட்ட மாதிரியே இருக்காது" என்றார். தெரியும் என்றேன். பழசை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "காசிமேட்டுல மீன்புடி போட்டுக்கு ஓரமாக் கட்டக்கூட ஆவாது. இவ்ளோ மெல்லிசா இருந்தா ஒரே இடியில நசுங்கிடும்" என்று ஓரமாகப் போட்டார்.

அந்த ஞாயிறு மனைவியைக் கீழே கூப்பிட்டேன். அவளே ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதாகத் திருப்பச் சொன்னாள். கருவியை வாங்கி உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளந்தாள். குறிப்பேட்டில் விட்டுப்போன ஞாயிறுகளுக்குச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, கீழே மூன்று எண்களை எழுதினாள். திங்கட்கிழமை காரில் ஏறினாள். பொங்கல் வந்து போனது. விற்பது பற்றிய பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் அவள்தான் அளக்கிறாள். ஏழு புள்ளி இரண்டு. அடுத்த வாரம், ஏழு புள்ளி இரண்டு. அதற்கடுத்த வாரமும் அதேதான். "பாத்தீங்களா, அசையவே இல்ல" என்கிறாள், நிஜமான சந்தோஷத்தோடு. நானும் தலையாட்டுகிறேன். காசிமேட்டுக்கு அப்பால் சாலை வளையும் இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன். கார் திரும்புகிறது. கீழே கல் இருக்கிறதா, மணல் இருக்கிறதா, என் கைக்கு ஒன்றும் தெரிவதில்லை.