நின்றால் மட்டும் சூடு

மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிய சமயத்தில்தான் அந்தப் பழைய காரை வாங்கினேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிய கார். சாங்கியில் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குக் கார் எதற்கு என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டார்கள். பேரப்பிள்ளையை மருத்துவமனையிலிருந்து பிடோக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு வர வேண்டும், அதுதான் காரணம். அதை வெளியில் சொல்ல எனக்குக் கூச்சம். மருமகனிடம் மட்டும் ஒருமுறை, "நானே வந்து கூட்டிட்டுப் போறேன் மாப்பிள்ளை" என்று சொல்லியிருந்தேன்.

வாங்கிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிரசவ மருந்துச் சாமான்கள் வாங்கத் தேக்கா கடைத்தெருவுக்குப் போனோம். மனைவி முன்னால், மகளும் மருமகனும் பின்னால். விரைவுச்சாலையில் ஏர்கோன் நன்றாகவே குளிர்ந்தது. சிராங்கூன் சாலைக்குள் நுழைந்ததும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஐந்து நிமிடத்தில் சூடான காற்று முகத்தில் அடித்தது.

"அப்பா, இது ஏர்கோனா, ஹீட்டரா?" என்றாள் மகள். பெரிய வயிற்றோடு கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல மாமா. டிஸ்சார்ஜ் ஆகுற அன்னிக்கு நான் கார் புக் பண்ணிடுறேன். நீங்க எதுக்குச் சிரமப்படணும்?" என்றார் மருமகன்.

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காக்கி புக்கிட்டில் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். முதலாளி சீனர், என் வயதுக்காரர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். எப்போது சூடாகிறது, எப்போது குளிர்கிறது என்று சொல்ல வழியெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியம் சேர்த்துக்கொண்டே போனேன். அவர் முன்னால் நின்றதும் வந்தது மூன்றே வார்த்தை: "ஏர்கோன் நோ கோல்டு."

அவர் ஏர்கோனுக்கு வாயு நிரப்பினார். என் கையைப் பிடித்துக் காற்று வரும் துளையில் வைத்தார். "செஜுக் லா, அங்கிள்! கோல்டு ஆர் நாட்?"

குளிர்ந்தது. குளிர்கிறபோது குளிரவில்லை என்று எப்படிச் சொல்வது? "கோல்டு" என்றேன்.

நிறுத்திய காரில் சும்மா எஞ்சினை ஓடவிட்டால் இங்கே அபராதம். அதனால் நான் சோதித்ததெல்லாம் விரைவுச்சாலையில் சாங்கி வரை போய்த் திரும்பித்தான். குளிர்ந்தது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வரும்போது நீளமான ஒரு சிவப்பு விளக்கில் மறுபடியும் வெந்நீர் ஆவி மாதிரி காற்று.

திரும்பப் போனேன். வாயு கசிகிறதா என்று பார்த்தார், கசிவு இல்லை. மூன்றாவது முறை கம்ப்ரஸரைப் பார்த்தார். அதுவும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு முறையும் என் கை அந்தத் துளைக்குப் போனது, ஒவ்வொரு முறையும் குளிர்ந்தது. கடைசியில் தன் ஆட்களைப் பார்த்து, "திஸ் அங்கிள் வான்ட் ஸ்நோ லா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னதும் அவள், "நாலு வார்த்தை கூடப் பேசுனா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்றாள்.

நான்காவது முறை போனபோது முதலாளி சாப்பிடப் போயிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே வேலை செய்பவர் ஒருவர் கை கழுவிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். இத்தனை நாளும் முதலாளிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"இன்னும் எத்தனை தடவண்ணே வருவீங்க? சரி, நின்னா சூடாவுதா, ஓடும்போதும் சூடாவுதா?"

"நின்னாத்தான்."

"இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"அவரு கேக்கலையே."

"அவரு கேக்கல, நீங்க சொல்லல. நல்லாருக்குண்ணே நியாயம்!"

பட்டறை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி எப்போதும் உள்பக்கம் பார்த்துச் சுழன்றுகொண்டிருக்கும். அவர் அதைக் காட்டினார். "வண்டி ஓடுனா எதிர்க்காத்து பட்டு முன்னாடி இருக்குற ஏர்கோன் கம்பிச்சுருள் குளிருது. இங்க வந்து நின்னா இந்த ஃபேன் காத்து அடிக்குது. நீங்க ரோட்டுல நிக்கிறப்பதான் வண்டியோட சொந்த ஃபேன் வேலை செய்யணும்."

காரை வெளியே வெயிலில் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினையும் ஏர்கோனையும் ஓடவிட்டார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கால்மணி நேரம் வண்டியின் விசிறி ஒழுங்காகச் சுற்றியது. பிறகு தள்ளாடியது. பிறகு நின்றுவிட்டது. ஸ்பேனரின் பிடியால் மோட்டாரில் தட்டினார், சுற்றியது. மறுபடி நின்றது.

"சூடு ஏறுனா செத்துப்போகுது. மோட்டார மாத்தணும்."

முதலாளி தேநீர் ஊற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பையோடு திரும்பி வந்தார். நின்ற விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "வை யூ நெவர் சே, அங்கிள்?" என்றார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் சரியாகத் தெரியவில்லை.

மோட்டார் மாற்றிய மறுநாளே மகளுக்கு வலி எடுத்தது. பேத்தி பிறந்தாள். மருமகனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "கார் புக் பண்ண வேணாம் மாப்பிள்ளை."

வீட்டுக்கு அழைத்துப்போகும் நாள், உச்சிவெயில் நேரம். மருத்துவமனை வாசலுக்கு நான் வந்து நின்றபோது காருக்குள் ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. மகள் காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, மெல்ல ஏறினாள். அவளுக்குப் பின்னால் குழந்தையோடு ஏறிய மனைவி அலறினாள்.

"ஐயோ, மொதல்ல அந்த ஏர்கோன அடைங்க! பிள்ளை பெத்த உடம்பு. குளிர் ஏறுனா என்னாகுறது?"

அடைத்தேன். கண்ணாடியை இறக்கப் போனேன். "காத்தும் படக் கூடாது." ஏற்றினேன். முன் இருக்கையில் மருமகன் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது சந்திப்பில் சிவப்பு விளக்கு. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. குழந்தை முகம் சிவந்து சிணுங்கியது.

"அப்பா, முடியலப்பா. கொஞ்சம் போடுங்கப்பா."

"போடக் கூடாது" என்றாள் மனைவி.

நாலு பேர் முன்னால் அவள் பேச்சை நான் மீறியதில்லை. "பிள்ளை வெந்துபோகும்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஏர்கோன் திருகியை ஒன்றில் வைத்தேன். வண்டி நின்றுகொண்டிருந்தது, காற்று குளிர்ந்து வந்தது. மனைவி துண்டை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள்.

மகள் எங்களோடு இருந்த அந்த மாதம் முழுவதும், குழந்தை தும்மினால் போதும், மனைவி திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.