மார்த்தா அக்காவின் சிவப்புச் சீலை

நேற்றுக் கருவாடு சுற்றி வந்த காகிதத்தை விரித்தேன். சின்ன வயதில் நான் வாசித்துக் காட்டிய ஒரு கடிதத்தின் மணம் அப்படியே அடித்தது.

அப்போது உலக யுத்த காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை. அதனால் ரீச்சர் வாசிப்புப் பரீட்சையைத் தெருவுக்கு அனுப்பிவிட்டார். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு வந்த கடிதத்தை நாங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் வந்து நல்லது சொன்னால்தான் நாலாம் வகுப்பு.

எனக்கு வாய்த்தது கருவாடு விற்கும் பக்கத்து வீட்டு மார்த்தா அக்கா. அவளுடைய புருஷனுக்குத் திருகோணமலையில் துறைமுக வேலை. அவன் கடிதம் நெத்தலிக் கருவாட்டுப் பெட்டிக்குள் கிடந்தது.

எனக்கு எழுத்துக் கூட்டவே வராது. கடிதத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, சுகமாயிருக்கிறேன், உன் நினைவுதான், நத்தார்ப் பண்டிகைக்குச் சிவப்புச் சீலையோடு வருவேன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் இழுத்து இழுத்து வாசித்தேன்.

"அந்தச் சீலையை இன்னொருக்கா வாசி, பிள்ளை."

மூன்று தரம் வாசித்தேன். மறுநாள் அக்கா வகுப்பு வாசலில் நின்று, "ரீச்சர், இவளைப் போல ஒருத்தராலும் வாசிக்கேலாது" என்றாள். பாஸ்.

நத்தாருக்குப் புருஷன் வெறுங்கையோடு வந்தான். "எங்க சீலை?" என்று அக்கா வாசலிலேயே மறித்தாள். நான் வேலிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவன் தலையைச் சொறிந்தான். அவனுக்கும் எழுதத் தெரியாது.

"நான் சொல்லேல்லையே. எழுதித் தந்த துறைமுகத்துக் கிளாக்கர் தானாச் சேர்த்திட்டார் போல."

முணுமுணுத்துக்கொண்டே கடைக்கு நடந்தான்.

கோயிலில் நத்தார்ப் பூசைக்கு அக்கா சிவப்புச் சீலையில் வந்தாள். அடுத்த கடிதத்தையும் என்னிடம்தான் கொண்டுவந்தாள்.