விதுர்ஷாவின் கடைசிக் கச்சேரி

விதுர்ஷாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஊர் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆரையம்பதி. தாய் இல்லை. தகப்பன் யோகராசா வாவியில் மீன் பிடிப்பவர்.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. அங்கே ஸ்பீக்கரில் நாள் முழுக்க அமெரிக்காவின் பழைய ஜாஸ் பாட்டுகள் ஓடும். விருந்தினருக்குச் சாவி கொடுத்துக்கொண்டே அவளும் கூடப் பாடுவாள். அங்கு கீபோர்ட் வாசித்த காத்தான்குடி ஸாஹிர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டான்.

"தங்கச்சி, மைக்ல ஒருக்காப் பாடிப் பாருங்க."

அப்படித்தான் தொடங்கியது. அவனை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடப் பழகினாள். சில வருஷங்களில் கொழும்பிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். யோகராசாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வீட்டில் அவள் பாடிப் பழகும்போது வலையைத் தைத்தபடி கேட்பார்.

"அந்தப் பாட்டில என்ன மகள் சொல்லுறாய்?"

"போனவன் வருவான் எண்டு ஒருத்தி காத்திருக்காள் அப்பா."

"ஒரே வரிய ஏன் ரெண்டு தரம் பாடுறாய்?"

"முதல் தரம் நம்பிப் பாடுறாள். அடுத்த தரம் நம்பிக்கை இல்லாம."

கொழும்பு அழைப்புகள் பெருகிய வருஷம்தான் அவள் கழுத்தில் கட்டி தெரிந்தது. புற்றுநோய் என்றார்கள். குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால், கட்டியை எடுக்கும்போது நரம்பையும் வெட்ட வேண்டி வரலாம் என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் மட்டக்களப்பு நகரில் ஒரு கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. அதை நிறுத்த அவள் விடவில்லை. கழுத்தில் பட்டுத் துணி சுற்றிக்கொண்டு மேடை ஏறினாள். பாதியில் குரல் கரகரத்தது. ஸாஹிர் அவள் பக்கம் சாய்ந்து, "சுருதிய இறக்கட்டா?" என்றான்.

"வேணாம் நானா. இருக்கிறத இண்டைக்கே பாடி முடிச்சிருவம்."

கடைசிப் பாட்டில் குரல் உச்சிக்குப் போய், நடுங்கி, உடையாமல் அங்கேயே நின்றது. மண்டபம் எழுந்து கைதட்டியது. முன் வரிசையில் யோகராசாவின் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. கச்சேரி முடிந்து அவள் தேடிப் போனபோது அவர் வெளியே வாவிக்கரை மதிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒப்பரேசன் செய்யாம விடேலாதா மகள்?"

"விட்டா நான் இருக்கமாட்டன் அப்பா."

அவர் எழுந்து அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

நரம்பை வெட்டத்தான் வேண்டி வந்தது. உயிர் தப்பியது, குரல் வெறும் காற்றாகிப் போனது. வரவேற்பு மேசையில் போன் எடுத்தால் மறுமுனையில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. ஹோட்டல்காரர்கள் அவளைப் பின்னறையில் கணினி வேலைக்கு மாற்றினார்கள். ஸாஹிர் கச்சேரிப் பதிவைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அவள் கேட்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். யோகராசா அதைத் தன் போனில் வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டில் போடவேமாட்டார். வாவிக்குள் தோணியில் தனியாக இருக்கும்போது மட்டும் கேட்பார்.

ஒரு காலை அவள் கரைக்குப் போயிருந்தாள். தோணி கிட்ட வரும்போது தன் குரல் தண்ணீர்மேல் வந்தது. மகளைக் கண்டதும் அவர் பதறிப்போய்ப் போனைத் தேடினார்.

"நிப்பாட்டாதீங்க அப்பா," என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. அவள் தண்ணீருக்குள் இறங்கி நடந்து, தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவருடைய கையைத் தடுத்தாள்.

பாட்டு முடியும்வரை இருவரும் அசையவில்லை. அவள் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு இருவருமாகத் தோணியைக் கரைக்கு இழுத்தார்கள்.