நனைக்க வேண்டாத ரீட்

தாம்பரத்தில் எங்கள் சர்ச்சில் பிரசங்கம் தொடங்கியதும் அண்ணாவின் வாய்க்குள் ஒரு ரீட் போய்விடும். கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் கட்டும் நாணல் சீவல் அது; எச்சிலில் ஊறினால்தான் ஒழுங்காக அதிரும். பக்கத்து நாற்காலியில் நானும் அதே கோலத்தில் இருப்பேன். சபையே ஆமென் சொல்லும்போது நாங்கள் இருவர் மட்டும் தலையை ஆட்டுவோம். "ஆண்டவருக்குப் புரியும்மா" என்பார் அண்ணா பிறகு. கூடப் பிறந்த அண்ணன் அல்ல. கணக்கு வாத்தியார், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அவ்வளவுதான்.

ஒரு வருடம் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சு சிகிச்சை நடந்தது. நோய் போயிற்று, கூடவே எச்சிலும் போயிற்று. ரீட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டினாலும் பாதிப் பாட்டில் காய்ந்து கீச்சிட்டது. "என் சீட்ல வேற யாரையாவது உக்கார வைங்கம்மா" என்று அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசிப்பை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் வெறும் அல்ஜீப்ராதான் மிஞ்சும்.

நனைக்கத் தேவையில்லாத செயற்கை ரீட் வாங்கச் சொல்லி நச்சரித்தேன். "பிளாஸ்டிக்கா? திருவிழா பீப்பீ மாதிரி கத்தும்மா" என்றார். முதலில் வாங்கியது ஒரே வார்ப்பாக வார்த்த பிளாஸ்டிக், சொன்னபடியே கத்தியது. அடுத்தது நாணலின் நார்போல மெல்லிய இழைகளை நீளவாக்கில் அடுக்கிப் பிசினில் இறுக்கியது. ஒலி பரவாயில்லை, ஊதத்தான் கொஞ்சம் கடினம். அண்ணா பழைய வழக்கப்படி உப்புத்தாளை எடுத்து நுனியைத் தேய்த்தார். நாணல் என்றால் இணங்கியிருக்கும். இது இழை பிரிந்து பஞ்சாகிவிட்டது. கணக்கில் தப்பு செய்த மாணவனைப்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வந்த அன்று பொழிச்சலூரில் அவர் வீட்டுக்குப் போனதும் உப்புத்தாளை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதே இழைதான், ஆனால் விறைப்பைக் குறிக்கும் எண்ணில் ஒரு படி இலகுவானது, நடுவில் கனமாகவும் ஓரங்களில் மெலிதாகவும் சீவிய வடிவம். அண்ணா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு ஊதினார். பழைய வெதுவெதுப்பு கொஞ்சம் குறைவுதான். பாட்டு கடைசிவரை வந்தது. "போதும்மா" என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவருடைய ரீட் முன்பே கருவியில் ஏறியிருந்தது, வாய் சும்மா இருந்தது. ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் அரைத் தாளம் முன்னால், உரக்க, ஒரு ஆமென் கேட்டது. போதகரே திரும்பிப் பார்த்தார்.

இன்றும் அதே இரண்டு நாற்காலிகள்தான். நான் நாணலை விடவில்லை; பிரசங்கம் முழுக்க வாயில் ரீட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் சேர்த்து அண்ணா ஆமென் சொல்கிறார்.